தகரத்தில் துரு எங்கே பிடிக்கும்?

பாட்டியின் லயத்து வீடு என் மடிக்கணினியில் பளீரென்று இளஞ்சிவப்பு நிறத்தில் திறந்தது. சுவர், கூரை, கதவு, எல்லாம் ஒரே நிறம். பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த வீடு அது. விடுமுறைக்கு ரவாங் வந்ததும் பாட்டியிடம் காட்டலாம் என்று ஆசையாகத் திறந்தேன். “ஏம்மா, நம்ம வீடு எப்ப ரோஸ் கலர்ல இருந்துச்சி?” என்று கேட்டார்.

பிளெண்டர் மென்பொருளைப் பழகியவர்களுக்கு இந்த நிறம் நன்றாகத் தெரியும். ‘படத்தைக் காணோம்’ என்று அது சொல்லும் விதம் இது. முப்பரிமாண உருவத்தின் மேல் போர்த்துகின்ற படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். அந்தப் படம் பெரும்பாலும் கோப்புக்குள் இருப்பதில்லை. அது எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கும். படங்களைக் கணினிக்கூடத்திலேயே விட்டுவிட்டு, நான் முகவரியை மட்டும் பத்திரமாக எடுத்து வந்திருக்கிறேன். எல்லாப் படங்களையும் கோப்புக்குள்ளேயே மூட்டை கட்டிவைக்க ஒரு கட்டளை உண்டு என்பது அன்று இரவுதான் தெரிந்தது.

நான் இலக்கவியல் கலை படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. ‘உங்களுக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தை உருவாக்குங்கள்’ என்பது எங்களுக்குத் தந்த இடுபணி. வகுப்பு நண்பர்கள் கம்பத்து வீட்டையும் பழைய கடைவீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். நான் அம்மா பிறந்த லயத்தை எடுத்தேன். இன்று பெஸ்தாரி ஜெயா என்று சொல்லப்படும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் அந்தத் தோட்டம் இருந்தது. ரப்பர் போய், செம்பனை வந்து, பிறகு நிலமே கைமாறி, லயத்தையும் இடித்துவிட்டார்கள். எங்களிடம் மிஞ்சியவை கல்யாண ஆல்பத்தில் மூன்று படங்கள். மூன்றிலும் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால்தான் வீடு கொஞ்சம் தெரிகிறது.

முதலில் நானும் குறுக்கு வழியில்தான் போனேன். இயங்கலையில் இலவசமாகக் கிடைத்த கதவையும் சன்னலையும் பதிவிறக்கி என் கோப்புக்குள் இழுத்தேன். கதவு வீட்டைவிடப் பெரியதாக வந்து நின்றது. அதைச் செய்தவர் சென்டிமீட்டரில் கணக்கு வைத்திருக்கிறார். என் கோப்பு மீட்டரில் இருந்தது. அங்கே நூறு மடங்கு வித்தியாசம். சன்னல் மல்லாந்து படுத்துக் கிடந்தது. மேல் திசையைச் சில மென்பொருள்கள் ‘ஒய்’ என்கின்றன, பிளெண்டர் ‘இசட்’ என்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு விளங்குவதற்குள் மூன்று நாள் போய்விட்டது.

இவையெல்லாம் தேடிப் படித்தால் தீர்ந்துவிடும் தொல்லைகள். உண்மையான தொல்லை கூரையில் இருந்தது.

துருப்பிடித்த தகரம் ஒன்றின் படத்தைப் பதிவிறக்கிக் கூரை முழுவதும் பரப்பினேன். திரையில் அழகாகவே இருந்தது. பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார். “தகரத்த குறுக்கால போட்டிருக்கியே, மழத்தண்ணி எப்படி எறங்கும்?” என்றார். தகரத்தின் நெளிவுகள் கூரையின் சரிவை ஒட்டி மேலிருந்து கீழே ஓட வேண்டும். நான் படத்தைப் பக்கவாட்டில் ஒட்டியிருந்தேன். வீட்டின் பரப்புகளை, ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரிப்பதுபோல் விரித்து, அதன் மேல் படத்தைப் பொருத்துகிற வேலைக்கு யூவி விரிப்பு என்று பெயர். அதில் கூரையைத் தொண்ணூறு பாகை திருப்பினால் போதும், ஒரு நிமிட வேலை. பாட்டி சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வேலையின் தேவையே எனக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது துரு. என் கூரையில் ஒரே துருக்கறை இரண்டடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தது. “துரு இப்படியா புடிக்கும்? ஆணி அடிச்ச எடத்துலதான் மொதல்ல புடிக்கும். அப்புறம் ரெண்டு தகரம் சேர்ற எடத்துல” என்றார். ஒழுகுவதும் அங்கேதானாம். அந்த இடங்களுக்கு நேர் கீழே எந்தெந்த வாளியை வைத்தார்கள் என்பதுகூடப் பாட்டிக்கு நினைவிருக்கிறது.

அதன் பிறகு தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அஞ்சடி எவ்வளவு அகலம் என்று கேட்டால் பாட்டிக்கு அடிக்கணக்கு தெரியாது. “நாலு பேரு பாய் போட்டுப் படுப்போம், கால் வைக்க எடம் இருக்காது” என்பார். ஒரு பாய் இரண்டரை அடி என்றால் பத்தடி. இப்படித்தான் ஒவ்வொரு அளவும் வந்தது. டெக்ஸ்சருக்காக மாமாவின் மோட்டார் சைக்கிளில் இன்னும் லயம் நிற்கிற ஒரு தோட்டத்துக்குப் போய், மேகமூட்டமான காலையில் பலகையையும் தகரத்தையும் திறன்பேசியில் படம் எடுத்தேன். வெயிலில் எடுத்தால் நிழல் படத்திலேயே பதிந்துவிடும். பிறகு கணினியில் எந்தப் பக்கம் விளக்கு வைத்தாலும் அந்த நிழல் மாறாது.

நான் தேடிய இலவசத் தொகுப்புகளில் ஐரோப்பியக் கோட்டைகள் இருந்தன, ஜப்பானியக் கடைகள் இருந்தன, அமெரிக்கப் பண்ணைக் கொட்டகைகள் விதவிதமாக இருந்தன. ஒரு லயத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இதில் யார் மீதும் கோபப்பட நியாயமில்லை. அந்த வீட்டில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாமே செய்யாததை வேறு யார் செய்து வைப்பார்கள்? 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக ரவாங்கில் மின்னாக்கியைப் பொருத்தினார்கள். இந்நாட்டின் மின்சார வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. ரவாங்கில் வளர்ந்த எனக்கு இதை ஒரு வரியாகச் சொல்லத் தெரியும். அந்தச் சுரங்கம் எப்படி இருந்தது என்று வரையச் சொன்னால் கை ஓடாது.

“வரைஞ்சு வச்சா வீடு திரும்பி வந்துடுமா?” என்று அப்பா கேட்டார். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் எரிந்தபோது, கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் பல ஆண்டுகளுக்கு முன் லேசர் கருவியால் அளந்து வைத்திருந்த பதிவு சீரமைப்புக்கு உதவியதைச் சொன்னேன். அப்பா சிரித்தார். லயத்தை யாரும் திரும்பக் கட்டப்போவதில்லை, கட்டவும் வேண்டாம். ஒழுகாத வீட்டுக்குக் குடிவந்தபோது பாட்டி சந்தோஷப்பட்டார். அதனால்தான் அதை அழகுபடுத்திக் காட்டவும் எனக்கு மனம் வரவில்லை. விறகடுப்புப் புகை ஏறிய குசினிச் சுவரைச் சுத்தமான பலகையாகப் போட்டால் அது பாட்டி சமைத்த குசினியே அல்ல.

எஸ்.பி.எம். முடித்துவிட்டுக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், என்னைப்போல் வடிவமைப்புத் துறையில் படிப்பவர்களுக்கும் சொல்கிறேன்: பிளெண்டருக்குக் காசு வேண்டாம், ஒரு அளவுநாடாவும் திறன்பேசியும் போதும். நிற்கிற லயம், ஆயாக் கொட்டகை, தோட்டத்துக் கோயில், எது கிட்டத்தில் இருக்கிறதோ அதை அளந்துவிடுங்கள். ரவாங்கிலிருந்து பத்து ஆராங் கொஞ்ச தூரம்தான். 1960-இல் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் காலத்துச் செங்கல் கட்டடங்களை அங்கே பார்க்கலாம். செங்கல்லுக்கு டெக்ஸ்சர் பழக நல்ல இடம். ஆனால் தாத்தா பாட்டி இருக்கும்போதே முதல் அளவை அவர்களிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடுபணியைச் சமர்ப்பித்துவிட்டேன். புள்ளி சுமார்தான், குசினிச் சுவரின் கறுப்பு இன்னமும் சரியாக வரவில்லை. போன வாரம் பாட்டியிடம் மறுபடி திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “தண்ணிக் கொழாயி இந்தப் பக்கம் இல்லம்மா, அந்தப் பக்கம்” என்றார்.