ஜிம்மி குரைத்த இடமெல்லாம்

நாயைத் தோணியில ஏத்திக்கொண்டு வாவிக்குப் போகலாமா எண்டு யாராவது கேட்டா, 'வேணாம்' எண்டுதான் நாங்க சொல்லுவம். தோணி ஆடும். நாய் ஒரு பக்கம் பாய்ந்தா எல்லாரும் தண்ணிக்குள்ள. கண்ணாக் கரைகளில முதலை வேற. படுவான்கரையில 'முதலைக்குடா' எண்டு ஒரு ஊரே இருக்கு. இவ்வளவும் தெரிஞ்சும் ஜிம்மியை மூன்று தரம் கூட்டிக்கொண்டு போனம். அந்த நாயால எங்களுக்கு விளங்கின ஒரு விசயத்துக்காகத்தான் இதை எழுதுறம்.

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். அதில நாங்க அறிஞ்சது கல்லடிப் பாலத்தில நிண்டு பார்த்தா தெரியுற துண்டு மட்டும்தான். பின்னேரம் போய்க் கச்சான் சாப்பிட்டு, நாலு படம் எடுத்து, 'மீன்பாடும் தேன்நாடு' எண்டு போட்டுட்டு வீட்ட வருவம். எங்கட அம்மம்மாக்கள் இதை வாவி எண்டு சொல்றதே இல்ல, அவங்களுக்கு இது 'ஆறு'. அந்த ஆத்தின்ர சத்தமில்லாத பக்கங்களை எஞ்சின் இல்லாம, சவள் வலிச்சுப் போய்ப் பாக்கணும் எண்டது எங்கட ஆசை. தெரிஞ்ச ஒருவர்ர தோணி கிடைச்சது. ஜிம்மி கரையில நிண்டு ஊளையிட்ட ஊளைக்கு அதையும் ஏத்த வேண்டியதாப் போச்சு.

மண்முனைப் பாலத்தடியால தெற்குப் பக்கம் போனம். 2014இல அந்தப் பாலம் திறக்கும் வரைக்கும் அங்க 'பாதை'தான் ஓடினது. சைக்கிளோட அதில ஏறின ஞாபகம் எங்களில மூத்த ரெண்டு பேருக்கு இன்னும் இருக்கு. நடுத் தண்ணிக்கு வந்த பிறகுதான் எழுவான்கரை, படுவான்கரை எண்ட பேர்கள் சரியா விளங்கினது. ஒரு கரையில சூரியன் எழும், மற்றக் கரையில படும். பேர் வச்ச ஆள் தோணியிலதான் இருந்திருக்கணும்.

படுவான்கரைப் பக்கம் ஒரு கண்ணாக் கூட்டத்துக்குள்ள நுழைஞ்சம். காத்துச் சத்தம்கூட இல்ல. ரெண்டு நீர்க்காகம் செட்டையை விரிச்சுக் காயவச்சுக்கொண்டு இருந்தது. எங்களில ஒராள் போனை எடுத்து 'ஆளே இல்லாத சொர்க்கம்' எண்டு எழுதி முடிக்க முன்னமே ஜிம்மி குரைக்கத் தொடங்கிட்டு. பாத்தா, நெஞ்சளவு தண்ணியில, தலையில துவாய் கட்டின ஒரு மனிசன். எவ்வளவு நேரமா நிண்டாரோ, எங்கட கண்ணில படவே இல்ல.

"தம்பிமார், நாயை ஒள்ளுப்பம் அடக்குங்க. வலை கிடக்கு" எண்டார். கோபப்படல்ல, சிரிக்கவும் இல்ல. எங்கட தோணி அவர்ர வலைக்கு மேலதான் நிண்டது.

அதுக்குப் பிறகும் அப்படியேதான். வெறும் கரை எண்டு நாங்க நினைச்ச இடத்தில ஜிம்மி குரைச்சது. அங்க ரெண்டு பெண்கள் அத்தாங்கோட குனிஞ்சு இறால் தேடிக்கொண்டு நிண்டாங்க. இன்னொரு வளைவில கண்ணா வேரில கட்டின தோணிக்குள்ள, இராத்திரி வேலை முடிச்ச ஒருத்தர் சாரத்தால முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அவரை எழுப்பிவிட்டதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தம். நாங்க 'அமைதியான இடம்' எண்டு தேடித் தேடிப் போனதெல்லாம் ஆரோ ஒருத்தர்ர வேலைத்தலம். எங்களை விட நாய்க்கு அது முதலே தெரிஞ்சிருக்கு. அந்தப் படத்தை நாங்க போடல்ல.

'யாரும் தொடாத இயற்கை', 'வெறிச்சோடிக் கிடக்கிற வாவி' எண்ட பேச்சு சுற்றுலாக்காரர் வாயில வாறது புதுசில்ல. எங்கட வாயிலயும் வந்ததுதான் வெட்கம். ஆளில்ல எண்டு ஒருக்கா எழுதிப்போட்டா, அடுத்தது வேகப் படகு வரும், மிதக்கிற ஹோட்டல் வரும், வலை போடுறவர் படத்துக்கு இடைஞ்சலாப் போயிடுவார். சுற்றுலா வந்தா வேலை வரும் எண்டு எங்களுக்குள்ளேயே சிலர் சண்டை பிடிச்சாங்க. வேலை இல்லாத ஆக்கள் நாங்களும்தான், அந்த வாதத்தைச் சும்மா தள்ள ஏலாது. ஆனா அந்த வேலை ஆத்தைத் தெரிஞ்சவங்களுக்குப் போகட்டும். ஒரு நாள் மீன்பாட்டுக்குச் சமனான காசைக் குடுத்து, தோணிக்காரரோடயே சவள் வலிச்சுப் போங்க. எங்க வலை, எங்க முதலை எண்டு அவருக்குத் தெரியும். எஞ்சின் வேணாம்.

அமைதி எண்ட சொல்லையும் எங்கட வீட்டில எல்லாரும் ஒரே மாதிரிக் கேக்கிறதில்ல. போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கரையோரக் கண்ணாக்கள் வெட்டப்பட்டன. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து இறால் பண்ணையில் வேலை செய்தவர்கள் கொல்லப்பட்டார்கள். எங்களில ஒருத்தியின்ர அம்மா, படுவான்கரை இராத்திரி ஒரு சத்தமும் இல்லாம இருந்தா இப்பவும் நித்திரை கொள்ள மாட்டா. அவவிட்ட போய் 'என்ன அமைதியான இடம்' எண்டு சொல்லிப் பாருங்க.

மூன்றாம் தரம் பூரணைக்குப் போனம், மீன் பாடுறதைக் கேக்க. 1848இல எமர்சன் டெனன்ட் எண்ட வெள்ளைக்கார அதிகாரி இதே ஆத்தில தோணியில போய், அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதிவச்சிருக்கிறார். தோணியின்ர மரத்தில காதை வச்சா சத்தம் இன்னும் பெருசாக் கேட்டதாம். பாடுறது மீனில்ல, ஊரிதான் எண்டு இங்கத்த ஆக்கள் சொன்னதையும் எழுதியிருக்கிறார். அவரும் இங்கத்த ஆக்களிட்டக் கேட்டுத்தான் எழுதினவர் எண்டது எங்களுக்குப் பிடிச்சது. நாங்களும் சவளைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியைக் காதில வச்சுப் பார்த்தம். ஒருத்தருக்குக் கேட்டதாம், மற்றவங்களுக்கு இல்ல. தூரத்தில ஒரு எஞ்சின் படகு போய் முடிய அரை மணித்தியாலம் ஆச்சு. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்த ஜிம்மி அண்டைக்கு ஒருக்காக்கூடக் குரைக்கல்ல. தாடையைத் தோணித் தட்டில வச்சு, காதை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தது.

திரும்பி வரக்குள்ள அந்தத் துவாய் கட்டின மனிசனைக் கண்டம். இந்த முறை நாங்களே முதல் கேட்டம்: "மாமா, வலை எந்தப் பக்கம்?" கையைக் காட்டினார். சுத்தித்தான் வந்தம், கரை சேர நேரம் போச்சு. அடுத்த தரம் ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு போறதா இல்லையா எண்டு எங்களுக்குள்ள இன்னும் சண்டை முடியல்ல.