400 இன் 1: என் மேல் வந்த குற்றப்பத்திரிகைக்குப் பதில்

மக்களே, பேரன் கையில் "400 இன் 1" வீடியோ கேம் பெட்டியோடு இருக்கிற படத்தைப் போட்டாலும் போட்டேன், எத்தனை ஏச்சு! "எங்ககிட்ட பிடுங்கி வச்ச சாரா இது?" என்று ஒருத்தன். "பிள்ளைக்கு கண்ணு கெடும் சித்தப்பா" என்று துபாயிலிருந்து ஒருத்தி. எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் என் குற்றம். தொண்ணூறுகளில், குழித்துறை வாவுபலி பொருட்காட்சி நடக்கிற நாட்களில் கடைசி பெஞ்சிலிருந்து பீப் பீப் என்று சத்தம் வரும். பிரிக் கேம். பிடுங்கி டிராயரில் போடுவேன். கணக்கு வாத்தியாரான நான், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது பார்த்தேனா? நான்கு சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி, கவிழ்க்காமல் சுழற்ற மட்டும் செய்தால் ஏழே வடிவங்கள்தான். அந்த ஏழை வைத்து 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் செய்ததுதான் டெட்ரிஸ். கரும்பலகையில் நான் வரைந்து வரைந்து ஏறாத சுழற்சியை நீங்கள் பெஞ்சுக்கு அடியில் கட்டைவிரலால் செய்துகொண்டிருந்தீர்கள்.

பெட்டிக்குக் குறை இல்லையா? உண்டு. 400 என்பது பச்சைப் பொய். பேரனும் நானும் நோட்டில் எழுதி எண்ணினோம். ஒரே விளையாட்டு பெயர் மாறி மாறி வருகிறது. (பிரிக் கேமில் 9999 என்று போட்டிருந்ததை நம்பியவர்கள் கை தூக்குங்கள்.) மரியோ நின்டெண்டோவின் சரக்கு, கான்ட்ரா கொனாமியின் சரக்கு. இப்படி மலிவாக விற்கிற பெட்டியில் அவை வருவது சுத்தக் காப்பி. காப்பி அடித்தவனுக்கு முட்டை போட்ட எனக்கு இதில் சமாதானமே இல்லை. ஒரு பட்டன் இரண்டாம் மாதமே அமுங்கிப் போனது. மேம்பாலத்துக்கு அடியில் வாங்கிய கடையில் கேட்டால், "சாரே, இதுக்கெல்லாம் கேரண்டி கிடையாது". பேட்டரி பழைய நோக்கியா போனில் வருகிற மாதிரி, கழற்றி மாற்றலாம். வீங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் வாங்கினேன்? அது முடிகிறது, அதனால். மூன்று உயிர், தோற்றால் 'கேம் ஓவர்'. அணைத்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. குறை என்று பேரன் புலம்புகிறான். அதுதான் எனக்குப் பிடித்தது. தோற்றவன் பெட்டியை அடுத்தவன் கையில் கொடுக்கிறான். திண்ணையில் நாலு பிள்ளைகள், ஒரு பெட்டி. விளம்பரம் இல்லை, இன்டர்நெட் இல்லை, நாளைக்கு வந்தால் பரிசு என்று ராத்திரி கூப்பிடுவதில்லை. உங்கள் போன் அப்படியா? பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2022-இல் தமிழ்நாடு சட்டம் போட வேண்டி வந்ததே, அது இந்தப் பெட்டியாலா வந்தது?

நின்டெண்டோவின் கேம் பாய் 1989-இல் வந்தபோது அதில் வண்ணம்கூட கிடையாது. குன்பெய் யோகோய் வேண்டுமென்றே பழகிய, மலிவான திரையைப் போட்டார். நாலு பென்சில் பேட்டரியில் நாள்கணக்கில் ஓடியது. வண்ணத்திரையோடு வந்த போட்டிக்காரர்கள் அதனிடம் தோற்றார்கள்.

கண் கெடும் என்று எழுதிய மகளே, நீ அதை எழுதியது நம்ம ஊர் நேரம் ராத்திரி 1.40-க்கு. எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. உன் மகன் லீவுக்கு வரும்போது இங்கே கொண்டு விடு, போன் இல்லாமல்.

பிறகு, நீல நிற பிரிக் கேம் ஒன்று இன்னும் என் டிராயரில் கிடக்கிறது. பேட்டரி கசிந்து கம்பியெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. யாருடையது என்று ஞாபகம் இல்லை. உரியவன் வந்து வாங்கிக்கொள். பேட்டரி வாங்கிப் போட்டுப் பார்ப்போம்.