22 வயதில் முழங்கால் வலி

"என் மகளுக்கு 22 வயது. காங்கேயத்தில் தேங்காய்க் களத்தில் பருப்பு எடுக்கிறாள். ஆறு மாதமாக இரண்டு முழங்காலும் வலி; உட்கார்ந்தால் எழ முடியவில்லை, படி இறங்க முடியவில்லை. தேய்மானம் என்கிறார்கள். கல்யாணம் பேசும் நேரம், வெளியில் சொல்லப் பயம். பிசியோதெரபி பலன் தருமா?"
- ஒரு தாய், காங்கேயம்

தரும். இந்த வயதில் தேய்மானம் அரிது. நீங்கள் சொல்வது முழங்கால் சில்லைச் சுற்றி வரும் வலிபோலத் தெரிகிறது. இளம்பெண்களுக்கு அதிகம் வருவது. குத்தவைத்து உட்காரும்போது சில்லு தொடை எலும்போடு அழுந்தும். தொடை, இடுப்புத் தசைகளில் பலம் குறைந்தால் வலி கூடும்.

கரண்ட் வைப்பதும் ஒத்தடமும் தற்காலிக ஆறுதல்தான். பயிற்சிதான் வைத்தியம். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டியபடி ஓரடி உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கட்டும். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவதும் அவசியம். ஒவ்வொன்றும் காலுக்கு 10 முறை, காலை மாலை. வலி கூடினால் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் மாற்றம் தெரியும். பலரும் பத்தாம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

களத்தில் உயரமான முக்காலி கேளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது? மகனுக்கு வலித்தால் மறைப்பீர்களா? அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள்; கிராமச் செவிலியரிடம் விசாரியுங்கள். வீக்கம், காய்ச்சல், முழங்கால் பூட்டிக்கொள்வது, இரவில் தூங்கவிடாத வலி இருந்தால் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.