பச்சைக் குழந்தை உள்ள வீடு

பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டுக்குப் போகும்போது நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோம்! வாசலிலேயே கால் கழுவிக்கொள்கிறோம். ஜலதோஷம் பிடித்திருந்தால், "இன்னொரு நாள் வருகிறேன்" என்று திரும்பிவிடுகிறோம். குழந்தையைத் தொடாமல், எட்ட நின்று பார்த்துவிட்டு வருகிறோம். இந்த வழக்கத்தை ஒரு தேசம் தன் காட்டுக்கே சட்டமாக வைத்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அந்தத் தேசம் ஆப்பிரிக்காவின் நடுவே இருக்கும் ருவாண்டா. 'ஆயிரம் குன்றுகளின் நாடு' என்று அதற்குப் பெயர். சின்ன நாடுதான். ஆனால் கிழக்கே அக்காகெராவில் சிங்கமும் யானையும் இருக்கின்றன. தென்மேற்கே நியுங்வே காட்டில் சிம்பன்சிகள் இருக்கின்றன. வடமேற்கே, எரிமலைத் தேசியப் பூங்காவில் மலைக் கொரில்லாக்கள் வாழ்கின்றன. அந்த எரிமலைத் தொடரையும், பக்கத்து உகாண்டாவின் புவிண்டி காட்டையும் விட்டால் உலகில் வேறெங்கும் அவை கிடையா. கடைசியாக எண்ணியபோது மொத்தமே 1,063.

நீங்கள் பார்க்கப் புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைநகர் கிகாலியிலிருந்து மோட்டாரில் இரண்டு மூன்று மணிப் பயணம். அனுமதிச் சீட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்: 1,500 அமெரிக்க டாலர்! நம் பணத்தில் லட்ச ரூபாய்க்கு மேல். ஒரு கொரில்லாக் குடும்பத்தை நாளொன்றுக்கு எட்டுப் பேர்தான் பார்க்கலாம். அதுவும் ஒரே ஒரு மணி நேரம். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை.

மூங்கிலையும் காஞ்சொறிச் செடியையும் விலக்கிக்கொண்டு மலையேற வேண்டும். கிட்டே போனதும் வழிகாட்டி அடித்தொண்டையில் ஓர் உறுமல் உறுமுவார். நம் வீட்டுப் பெரியவர்கள் உள்ளே வருமுன் கனைத்துக்கொள்வார்களே, அதைப் போல! 'பயப்படாதே, தெரிந்தவர்கள்தான்' என்று கொரில்லா பாஷையில் அதற்கு அர்த்தம். பிறகு முகமூடி அணிந்து, எட்ட நின்று பார்க்கலாம். தாயின் மார்பைப் பற்றிக்கொண்டு ஒரு குட்டி கிடக்கும். பிறக்கும்போது அதன் எடை சுமார் இரண்டு கிலோ. மூன்று வயது வரை பால் குடிக்கும். நாலு வருஷத்துக்கு ஒரு தரம்தான் அந்தத் தாய் மறுபடி பெறுவாள்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் எதற்கு என்கிறீர்களா? கொரில்லா நமக்கு நெருங்கிய உறவு. நம் ஜலதோஷம் அதற்கும் தொற்றும். நமக்கு நாலு நாள் மூக்கொழுகிப் போகிற நோய், அதற்கு நெஞ்சுச் சளியாகி உயிரையே கொண்டுபோகலாம். ஆகையால் தும்மலும் இருமலுமாக வருகிறவர்களை மலையேற விடுவதில்லை.

'அப்படியானால் யாருமே போகாமல் இருப்பது நல்லதல்லவா?' என்று உங்களுக்குத் தோன்றும். டயான் ஃபாஸி என்ற அமெரிக்கப் பெண்மணியின் எண்ணமும் ஏறக்குறைய அதுதான். ஊனமுற்ற குழந்தைகளின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் அவர். 1967-ல் இந்த மலைக்கு வந்து தனியே குடிசை போட்டுத் தங்கினார். மூக்கின் சுருக்கங்களை வைத்தே ஒவ்வொரு கொரில்லாவையும் இனம் கண்டு பெயரிட்டார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. 1977-ன் கடைசி நாளில் அவருடைய செல்லமான 'டிஜிட்'டை வேட்டைக்காரர்கள் கொன்றார்கள். 1985 டிசம்பரில் அவரும் தம் குடிசையிலேயே கொலையுண்டார். டிஜிட்டின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் மலையடிவாரத்து ஏழைக் குடியானவர்களையும் நினைத்துப் பாருங்கள். காட்டின் விளிம்பு வரை உருளைக்கிழங்குத் தோட்டம். வீடு நிறையக் குழந்தைகள். காட்டை வெட்டினால்தான் சோறு என்றால் காடு எப்படி மிஞ்சும்? 1960-களின் இறுதியில் பூச்சிக்கொல்லிப் பூப் பயிருக்காக இந்தப் பூங்காவிலிருந்து சுமார் 10,000 ஹெக்டேரை எடுத்துக்கொண்டார்கள். இன்று விருந்தாளிகள் தரும் பணத்தில் காவலர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது. பூங்காக்களின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சுற்றுக் கிராமங்களுக்குப் போகிறது. எரிமலைத் தொடரில் 1981-ல் 254 ஆக இருந்த கொரில்லாக்கள், 2016-ல் முடிந்த கணக்கெடுப்பில் 604 ஆகிவிட்டன. காவலும் வைத்தியமும் அந்தப் பணமும் சேர்ந்து செய்த காரியம் இது.

பிறந்த குழந்தைக்கு ஊரார் கூடிப் பெயரிடுவது ருவாண்டாவின் பழைய வழக்கம். 2005 முதல் கொரில்லாக் குட்டிகளுக்கும் வருஷா வருஷம் அடிவாரத்தில் பெயர்சூட்டு விழா நடக்கிறது. ஒரு காலத்தில் வேட்டைக்கு இரையான பிராணி, இன்று ஊர்க் குழந்தை!

ஆனால் ஒன்று. லட்ச ரூபாய் கட்டி, கடல் கடந்து வந்த பிறகு, மலையேறும் நாளன்று காலையில் தொண்டை கரகரத்தால்? ஒரு மாத்திரையை விழுங்கி மறைத்துவிடலாம். காவலருக்குத் தெரியாமலே போகலாம். அங்கே சட்டம் முடிந்து, மனசாட்சி தொடங்குகிறது.

நம் பாட்டிமார் எந்தச் சட்டத்தையும் படித்ததில்லை. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டு வாசலில், "எனக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் வருகிறேன்" என்று திரும்பத் தெரிந்திருந்தது அவர்களுக்கு. என்றாவது நீங்களோ, உங்கள் பிள்ளைகளோ அந்த மலைக்குப் போக நேர்ந்தால், பெட்டியில் கம்பளிச் சட்டையோடு இந்தப் பழக்கத்தையும் எடுத்து வையுங்கள்.