லிஸ்பன் நகரத்து வாணலி

சிறு வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு ஸ்பூன் காட்லிவர் ஆயில் விழுங்கிய அனுபவம் உங்களில் பல பேருக்கு இருக்கும். அந்தக் காட் மீனிடம் உங்கள் கோபம் இன்னும் தீரவில்லை என்றால், இந்த வாரம் அதனுடன் சமாதானம் செய்துகொள்ளுங்கள். போர்ச்சுகல் தேசத்தில் அதற்கு 'விசுவாசமுள்ள நண்பன்' என்று செல்லப் பெயர். உப்பிட்டு உலர்த்திய காட் மீனை அவர்கள் 'பக்கல்யாவு' என்பார்கள். நம் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அக்காள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

வேடிக்கை என்னவென்றால், போர்ச்சுகல் கரையோரக் கடலில் காட் மீனே கிடையாது. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி, நியூஃபவுண்ட்லாந்து பக்கம் போய்ப் பிடித்து வந்தார்கள். வசந்த காலத்தில் கிளம்பினால் வீடு திரும்ப ஆறு மாதம் ஆகும். பெரிய கப்பல் நடுக்கடலில் நிற்கும். செம்படவர் ஒவ்வொருவரும் ஒரு சின்னஞ்சிறு படகில் தன்னந்தனியாக இறங்கிப் போய்த் தூண்டில் போட வேண்டும். மூடுபனி கவிந்துவிட்டால் கப்பல் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாது. படகு நிறைய மீனுடன் திரும்பியவர்களும் உண்டு. திரும்பாமலே போனவர்களும் உண்டு. 1974 வரையில் இந்தத் தனிப் படகு வேட்டை நடந்தது. இப்போது பெரும்பாலும் நார்வே, ஐஸ்லாந்து கடல்களிலிருந்து மீன் வருகிறது.

அப்படி வந்து சேர்ந்த மீனில் ஒரு துணுக்கைக்கூட வீணாக்க அந்த ஊர்ப் பெண்களுக்கு மனம் வருமா? துணுக்குகளுக்கென்றே ஏற்பட்ட பண்டம்தான் 'பக்கல்யாவு ஆ ப்ராஸ்'. லிஸ்பனில் பைரோ ஆல்ட்டோ என்ற பழைய பேட்டையில், ப்ராஸ் என்ற சாப்பாட்டுக் கடைக்காரர் செய்தது என்று சொல்கிறார்கள்.

நாலு பேருக்கு 400 கிராம் மீன், அரைக் கிலோ உருளைக்கிழங்கு, 3 வெங்காயம், 2 பல் பூண்டு, 6 முட்டை போதும். மீனைக் குளிர்ந்த தண்ணீரில் 24 மணி நேரமாவது ஊற வையுங்கள். கனத்த துண்டானால் 48 மணி நேரம். தண்ணீரை நாலைந்து தடவை மாற்ற வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைப்பதே சரி. லிஸ்பனிலிருந்து வந்த சிநேகிதி கொடுத்த மீனை நான் ஒரே ராத்திரி ஊற வைத்துவிட்டு அவசரப்பட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்தார்.

ஊறிய மீனைச் சற்றே வேக வைத்து, தோலும் முள்ளும் நீக்கி, நார் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கைத் தீக்குச்சி போல் நறுக்கி, கழுவி, துணியில் ஈரம் போக ஒற்றிப் பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். வாணலியில் ஆலிவ் எண்ணெய் விட்டு, மெல்லியதாக அரிந்த வெங்காயத்தையும் பூண்டையும் நிதானமாக வதக்கி, மீனைப் போட்டுப் புரட்டி, பிறகு உருளைக்கிழங்கைச் சேருங்கள். இனிமேல்தான் சாமர்த்தியம். தீயைத் தணித்து, அடித்த முட்டையை ஊற்றிக் கிளறி, ஈரப்பசை இருக்கும்போதே சட்டென்று இறக்கிவிட வேண்டும். வாணலியின் சூடே மீதியைப் பார்த்துக்கொள்ளும். உதிரி உதிரியாக வரட்டும் என்று காத்திருந்தீர்களோ, கெட்டது காரியம்! ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள். மேலே கறுப்பு ஆலிவ் காய்களும் பார்ஸ்லித் தழையும் தூவுவது வழக்கம்.

இதனுடன் அங்கே குளிர்ந்த 'வின்யோ வெர்தே' அருந்துவார்கள். 'பச்சை மது' என்று அர்த்தம்; ஆனால் நிறம் பச்சையல்ல, புதிதாக இறக்கிய இளம் மது என்பதால் வந்த பெயர். வடமேற்கே மின்யோ பிரதேசத்துத் திராட்சையில் செய்வது. லேசான புளிப்பும், நாக்கில் மெல்லிய சுறுசுறுப்பும் உண்டு. எண்ணெயும் முட்டையும் நாக்கில் படிந்த வழவழப்பை அந்தப் புளிப்பு அலம்பிவிடுகிறது. பக்கல்யாவுக்குச் சிவப்பு மதுதான் பொருத்தம் என்று வாதாடுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்; என் கட்சி புளிப்புக் கட்சி. மது வழக்கமில்லாத வீட்டில், சோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, நன்றாகக் குளிர வைத்துக் கொடுங்கள். அதே வேலையைச் செய்யும்.

காட் மீனுக்கு எங்கே போவது என்கிறீர்களா? முள் நீக்கிய கொடுவா மீனில் கல் உப்பைத் தாராளமாகத் தடவி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கழுவி, ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டெடுத்தால் போதும். இதற்கு இரண்டு நாள் ஊறல் வேண்டாம்.