கைக்கடிகாரத்தோடு மலையேறுவோர்க்கு

திண்டுக்கல்காரர்களுக்கு மலை என்பது பயணம் போய்ப் பார்க்க வேண்டிய பொருளன்று. எந்தத் தெருமுனையில் திரும்பினாலும் திண்டைப் போல் கிடக்கும் அந்தப் பாறை கண்ணில் படும். தென்கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர். மழை எப்போது வரும் என்பதைக்கூட மலையுச்சியில் மேகம் படுத்திருக்கும் விதத்தைக் கொண்டு சொல்லிவிடும் முதியவர்கள் இங்குண்டு. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த நாங்களும் ஒருநாள் மலைகளைக் கடிகாரத்தால் அளக்கப் புறப்பட்டோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். பிறரைச் சாடுவதற்கு முன் நம்மைச் சாடிக்கொள்வது முறை.

நாங்கள் ஐவர், பள்ளிக்கால நண்பர்கள். தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு சபதம் எடுத்தோம். காலையில் மலைக்கோட்டை, நண்பகலுக்குள் சிறுமலையின் வெள்ளிமலை, கதிர் சாய்வதற்குள் பழனி. மூன்று மலை, ஒரு பகல். இந்த யோசனை எங்களுக்குச் சொந்தமானதன்று. பிரிட்டனில் பென் நெவிஸ் (1,345 மீட்டர்), ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்), ஸ்நோடன் (1,085 மீட்டர்) ஆகிய மூன்று சிகரங்களையும் 24 மணி நேரத்தில் ஏறி இறங்கும் பந்தயம் நெடுநாளாகப் பேர்பெற்றது. அந்த 24 மணி நேரத்தில் ஏறத்தாழ பத்து மணி நேரம் வாகனத்திலேயே கழிகிறது. இதை நாங்கள் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. எங்கள் கணக்கிலும் அதுதான் நடந்தது. சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளை ஏறியதும் இறங்கியதும் நாங்களல்ல, வாடகைக் கார்.

கோட்டை வாயில் திறந்ததும் முதல் ஆட்களாக நுழைந்து ஓடினோம். 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. 1755-இல் ஹைதர் அலி படைத்தலைவராக வந்து அமர்ந்து, பின்னாளில் ஓர் அரசையே கைப்பற்றும் வலுவைச் சேர்த்துக்கொண்ட இடம். கணவரை இழந்த வேலு நாச்சியாருக்கு ஹைதரின் ஆதரவோடு அடைக்கலம் கிடைத்தது இந்தச் சீமையில்தான். 1801-இல் தூக்கிலிடப்பட்ட விருப்பாட்சி கோபால் நாயக்கரின் ஊரும் தொலைவில் இல்லை. பாறையின் உச்சியில் கருவறையில் சிலையில்லாத ஒரு கோயில் நிற்கிறது. அதன் தூண் ஒன்றில் கைவைத்து மூச்சு வாங்கினோம். எங்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், இறங்கிவிட்டோம்.

சிறுமலையும் அப்படியே. ஒருகாலத்தில் இந்த மலை வாழையால் பேர்பெற்றது. முடிக்கொத்து நோய் வந்து தோட்டங்கள் அழிந்த கதையை அங்குள்ள எந்தப் பெரியவரிடம் கேட்டாலும் ஒரு மணி நேரம் சொல்வார். அந்த ஒரு மணி நேரம் எங்களிடம் இல்லை. வழியில் ஒருவர் வாழைத்தாரோடு நின்று, "தம்பிகளா, எங்க இவ்வளவு வேகமா?" என்று கேட்டதற்கு விடைசொல்லவும் நாங்கள் நிற்கவில்லை.

பழனி யானைப்பாதையில் எங்களில் ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நிழலில் உட்காரவைத்தோம். "நீ இங்கேயே இருடா, நாங்க போயிட்டு வந்துடுறோம்" என்றோம். கதிர் மறைய நேரம் அதிகமில்லை. போய்விட்டோம். உச்சியில் நால்வரும் கடிகாரம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டோம். இறங்கி வந்தபோது, காவடியோடு வந்த ஒரு குடும்பம் அவருக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர்கள். நண்பர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "மேல என்னப்பா பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். எங்களால் பதில் சொல்ல இயலவில்லை.

இது சிறிய நிகழ்ச்சி, இதைப் பெரிதுபடுத்தலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பெரிய மலைகளில் இதுவே என்னவாகிறது என்று பாருங்கள். உலகின் எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களையும் 2019-இல் நிர்மல் புர்ஜா ஆறு மாதம் ஆறு நாளில் ஏறி முடித்தார். அதற்கு முந்தைய சாதனைக்கு ஏழாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 2023-இல் கிறிஸ்டின் ஹரிலாவும் டென்ஜென் லாமா ஷெர்பாவும் அதையே 92 நாளில் முடித்தனர். அவர்கள் கே-2 உச்சியை அடைந்த அதே ஜூலை 27 அன்று, அந்தப் பாதையிலேயே முகமது ஹசன் என்ற பாகிஸ்தானியச் சுமைத்தொழிலாளி விழுந்து கிடந்து இறந்தார். அவரைக் கடந்து பலர் உச்சிக்குச் சென்ற காட்சி உலகெங்கும் பரவியது. தம் குழுவினர் உதவ முயன்றனர் என ஹரிலா விளக்கினார். அதை மறுக்க நமக்குச் சான்றில்லை. ஆனால் கேள்வி ஒருவரைப் பற்றியது மட்டுமன்று. அன்று அந்தப் பாதையில் அத்தனை பேர் இருந்தும், உச்சியைக் கைவிட்டுத் திரும்புவதே இயல்பு என்று ஏன் எல்லோருக்கும் தோன்றவில்லை? அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று ஷிஷாபங்மாவில், பதினான்கையும் முடித்த முதல் அமெரிக்கப் பெண் யார் என்ற போட்டியில் இருவர் ஏறிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு நேர்ந்தது. அவ்விருவரும் வழிகாட்டிகள் இருவரும் மாண்டனர். மாண்ட வழிகாட்டிகளில் ஒருவர் அந்த டென்ஜென் லாமா.

நம் அருகிலும் பாடம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் பந்தயத்துக்குப் போனவர்கள் அல்லர். அவர்கள்மேல் பழி சொல்வது நம் நோக்கமன்று. காய்ந்த புல்லும் காற்றும் மனிதர் வகுத்த நிரலுக்குக் கட்டுப்படுவதில்லை என்பதையே நினைவூட்டுகிறோம். நிரல் தவறினால் தோல்வி என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு ஏறுகிறவன், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புவது அரிது.

"பக்தர்களுக்கும் நாள்கணக்கு உண்டே, தைப்பூசத்துக்குள் பழனி சேர வேண்டாமா?" என்று எம்மை மடக்குவார்கள். உண்டுதான். ஆனால் பாதயாத்திரையின் நாள் எல்லோருக்கும் பொதுவானது. அங்கே ஒருவர் முந்தினால் மற்றவர் தோற்பதில்லை. கால் வீங்கியவருக்காகக் கூட்டம் மரத்தடியில் காத்திருக்கும். திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை சாலையோரம் யாரோ யாருக்கோ மோர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். உடற்பயிற்சிக்காக ஓடுகிறோம் என்பாரிடமும் எமக்குப் பகையில்லை. மைதானம் இருக்கிறது, புறவழிச்சாலை இருக்கிறது. மலையை மைதானமாக்குவதையே மறுக்கிறோம்.

இலக்கியம் பயின்றோர்க்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நத்தத்தைத் தாண்டினால் பிரான்மலை, பாரியின் பறம்பு. அம்மலையைக் கபிலர் எப்படி அறிமுகம் செய்தார்? உயரத்தைச் சொல்லியா? உழாமல் விளையும் நான்கைச் சொன்னார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகையிட்ட மூவேந்தருக்கு அம்மலை வெல்லவேண்டிய இலக்கு. கபிலருக்கு அது வாழ்கின்ற இடம். நாம் யார் பக்கம்? நக்கீரர் முருகனின் இடங்களை அடுக்கும்போது ஒன்றை ஊர்ப்பெயரின்றிக் 'குன்றுதோறாடல்' என்றே வைத்தார். எண்ணி முடிக்க இயலாதது அது. அவர் பாடிய ஆவினன்குடிக் கோயிலும் பழனியில் மலையுச்சியில் அன்று, அடிவாரத்தில் இருக்கிறது. உச்சிக்கு ஓடிய நாங்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் ஓடினோம்.

ஆகவே ஒரு மலையை ஒரு நாள் முழுக்க ஏறுங்கள். உங்களில் மெதுவாக நடப்பவரின் வேகத்தில் ஏறுங்கள். அவரால் முடியாத இடத்தில் எல்லோரும் அமர்ந்துவிடுங்கள். வரும் தைப்பூசத்துக்கு நாங்கள் ஐவரும் திண்டுக்கல்லிலிருந்து நடக்கவிருக்கிறோம். முழங்கால் பிடித்துக்கொண்ட நண்பர் முன்னால் நடப்பார். எத்தனை நாளாகும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.