இருட்டைக்கூட விற்கிறான்!

நார்வேயில் டிரோம்சோ என்றொரு ஊர். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன், ஜனவரி நடுவில்தான் மறுபடி எட்டிப் பார்க்கும். ஊர்க்காரன் கடையைச் சாத்திவிட்டு ஓடினானா? இல்லை. 'வாங்க, வானத்துல பச்சை வெளிச்சம் ஆடுறதைப் பாருங்க' என்று இருட்டையே விற்கிறான். கோடையில் நடுராத்திரிச் சூரியன். அதற்கும் டிக்கெட்!

இப்போது நம்ம தர்மபுரிக்கு வாருங்கள்.

ஒகேனக்கல் உங்களுக்கு எப்போது ஞாபகம் வரும்? டி.வி.யில் அருவி ஆர்ப்பரித்தால். அல்லது ஆடிப் பதினெட்டு வந்தால். எண்ணெய் தேய்த்து, குளித்து, மீன் வறுவலை ஒரு பிடி பிடித்து, குப்பையை அங்கேயே வீசிவிட்டு ராத்திரி பஸ் ஏறிவிடுகிறோம்.

வெள்ளம் கூடினால் பரிசலுக்குத் தடை. சரிதான், உயிர் முக்கியம். ஆனால், அன்றைக்குப் பரிசல்காரர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? டிரோம்சோக்காரனுக்குச் சூரியன் வரும் தேதி தெரியும். நம்மவருக்கோ, கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் மதகைத் திறப்பதுதான் பஞ்சாங்கம்! கிழக்குக் கடற்கரை மீனவருக்கு 61 நாள் தடைக்காலத்தில் அரசு நிவாரணம் தருகிறது. அந்த நியாயம் ஆற்றுக்குப் பொருந்தாதா?

இன்னொன்று. காவிரி ஓரமாக ஓட, இந்த மாவட்டத்து போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு. பிள்ளைகளின் பல்லில் காவிக் கறை, பெரியவர்களின் மூட்டில் வலி. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அடிக்கல் 2008-ல், தொடக்கம் 2013-ல். அதுவரை நாம் ஆசைதீரக் குளித்துவிட்டு வந்த அதே தண்ணீர், பக்கத்து ஊர்க்காரருக்குக் குடிக்கக் கிடைக்கவில்லை. 'சூப்பர் ஃபால்ஸ்' என்று சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டோமே, ஒருத்தராவது கேட்டோமா?

தண்ணீர் குறைந்தால் உதட்டைப் பிதுக்குகிறோம். அந்த வட்டாரத்தில் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை இருக்கிறது. வயது சுமார் 240 கோடி வருஷம். அதைச் சொல்லிக் காட்டினால், வற்றிய மாதத்துக்கும் ஆள் வர மாட்டானா? பனியையும் இருட்டையும் காசாக்க ஒருவனுக்குத் தெரிகிறது. நமக்குப் பாறையைக் காட்டத் தெரியவில்லை.

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை வெள்ளம் அடங்கிய மாசத்தில் போங்கள். பரிசல் ஓடும். பாறை தெரியும். பேரம் பேசாமல் ஏறுங்கள். ஓட்டுகிறவர், ஓட்டாத நாட்களுக்கும் சேர்த்துத்தான் சாப்பிட்டாக வேண்டும்.